புகையானின் வயிற்றுக்குள்

மன்னார்குடி
மார்கழி 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உளுந்து விதைக்கு அலைந்ததில் பதில் போட முடியவில்லை. உன் மகளுக்கு வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம திண்ணையில பல்லாங்குழி ஆடுமே, அந்தக் குட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். அவ்வளவு சந்தோஷம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம் நடக்கப் போகும்போது சம்புத் தண்டில் கரும்புள்ளியும் பூச்சி அரித்த தடமும் பார்த்ததாக எழுதியிருந்தாய். தண்ணீரிலேயே நிற்கிற செடிக்குப் பூஞ்சையோடும் பூச்சியோடும் என்ன உறவு என்று கேட்டிருந்தாய். சம்போடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. முப்பது வருடமாகப் பழகிய சதுப்புச் செடி ஒன்று இருக்கிறது. நெல்.

ஆமாம், நெல்லும் சதுப்புச் செடிதான். நேற்று ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். வேரெல்லாம் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்பு. மேலிருந்து காற்று தண்டுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குழல்கள் வழியாக வேருக்கு இறங்கி, கொஞ்சம் சேற்றிலும் கசிகிறது. சேற்றிலுள்ள இரும்பு அந்தக் காற்றுப் பட்டுத் துருவாகப் படிகிறது. மைக்கோரைசா என்கிற வேர்ப்பூஞ்சை, எந்நேரமும் தண்ணீர் கட்டிய வயலில் குறைந்துபோகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது தண்ணீரை வற்றவிட்டு மறுபடி பாய்ச்சினால், அதற்குத் தேவலை.

நான் உனக்குச் சொல்ல நினைத்தது புகையான் என்கிற நெற்பூச்சியைப் பற்றி. குத்தை விரித்து அடித்தண்டைத் தட்டினால், நெல்மணியில் பாதிகூட இராத பழுப்புப் பூச்சிகள் பொலபொலவென்று தண்ணீரில் உதிரும். அவை சாற்றை உறிஞ்ச உறிஞ்ச, வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், உடம்பு வளர்க்கிற சத்து கொஞ்சம்தான். பிறகு எப்படி இப்படிப் பெருகுகிறது? அதன் வயிற்றுக் கொழுப்புக்குள் ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. கழிவாகத் தேங்கும் யூரிக் அமிலத்தை எடுத்து, உடம்பு வளர்க்கிற சத்தான அமினோ அமிலமாக மாற்றிப் பூச்சிக்கே திரும்பக் கொடுக்கிறது. தாய்ப்பூச்சி முட்டைக்குள்ளேயே இந்தப் பூஞ்சையையும் வைத்து அனுப்பிவிடுகிறது, சீர்வரிசை மாதிரி. குஞ்சுகளை மூன்று நாள் 35 டிகிரி சூட்டில் வைத்தால் பூஞ்சை குறைந்துவிடும். அதற்கப்புறம் குஞ்சும் சரியாக வளர்வதில்லை.

இதைவிட ஆச்சரியம், அந்தப் பூஞ்சையின் பூர்வீகம். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், அதன் முன்னோர் பூச்சியைக் கொன்று தின்னும் பூஞ்சைகள் என்று தெரிந்திருக்கிறது. பங்காளிகள் இன்னும் அந்தத் தொழிலை விடவில்லை. பூச்சியைக் கொல்ல நாம் வாங்கித் தெளிக்கிற பிவேரியா, மெட்டாரைசியம் என்கிற பூஞ்சைகளும் அதே வகையறாதான். போன வாரம் பனி விலகாத காலையில் ஒரு புகையானைப் பார்த்தேன். தண்டைப் பிடித்தபடியே செத்திருந்தது. கால் மூட்டிலும் வயிற்று மடிப்பிலும் வெள்ளைப் பஞ்சு துருத்திக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பூஞ்சை கொன்றிருக்கிறது, உள்ளே அதன் உறவு சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன் சேகர்.

கதிரில் மஞ்சளாக உருண்டு திரளுமே நெற்பழம், லட்சுமி நோய் என்று சொல்வார்களே, அந்தப் பூஞ்சையும் மெட்டாரைசியத்துக்குக் கிட்டத்துச் சொந்தம். நல்ல விளைச்சல் காலத்தில் வருவதால் என் ஆயா அதைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

நாவாய்ப்பூச்சி இன்னொரு விதம். பால் பிடிக்கும் மணியில் ஊசிபோலக் குத்தி உறிஞ்சும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சைகள் புகுந்து மணி கறுத்துப்போகும். அறுவடையில் கறுப்பு மணியைப் பார்த்து வெறும் நோய் என்று நினைத்திருக்கிறேன். கதவைத் திறந்துவிட்டது பூச்சி.

போன வருடம் எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கடையில் சொன்னார்கள் என்று வீரியமான மருந்தை இரண்டு தடவை அடித்தேன். புகையானைத் தின்கிற சிலந்தி செத்தது, புகையான் முட்டையைக் குடிக்கிற பச்சை மிரிட் என்கிற வேறு வகை நாவாய்ப்பூச்சியும் செத்தது. மூன்று வாரத்தில் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. அரை ஏக்கர் தீய்ந்தது. இப்படி அடித்து அடித்துப் பெருக்கிய கதை இந்தோனேசியாவில் நாடு முழுக்க நடந்து, 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளை அரசே தடை செய்தது. இதைக் கடையில் நிற்கும்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை.

இந்த வருடம் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது வெற்று இடைவெளி, விட்டு நட்டேன். யூரியாவைக் குறைத்துப் பிரித்துப் போட்டேன். இடையில் தண்ணீரை வடித்தேன். அடித்தூரில் வெயிலும் காற்றும் படுகிறது. புகையான் இருக்கிறது, ஆனால் குத்துக்கு ஒன்றிரண்டுதான். சிலந்தி வலை பனியில் பளபளவென்று தெரிகிறது.

தை பிறந்ததும் வா. கதிர் சாய்ந்திருக்கும், அறுப்புக்கு முன் ஒரு நடை நடக்கலாம். உன்னிடம் இருக்கும் கைலென்ஸை எடுத்து வா, என்னுடையது கீறல் விழுந்துவிட்டது. வரும்போது அந்தச் சம்புத் தண்டில் ஒன்றையும் பையில் சுற்றிக் கொண்டுவர முடியுமா பார்.

அன்புடன்,
முருகேசன்