வாசல் கதவுக்கு ஒரு கொடி வளையம்

டொரோன்டோ
அக்டோபர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

கதவில் தொங்குவது என்ன, துக்க வீட்டு மலர்வளையம் மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். இங்கே அதற்கு அர்த்தமே வேறு. இலை பழுக்க ஆரம்பித்ததும் பல வீட்டு வாசலில் காய்ந்த கொடி வளையம் ஏறிவிடும். வருகிறவர்களை வா என்று அழைக்கிற அலங்காரம் அது. செப்டம்பர் கடைசியில் மாட்டினால், அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வருகிற தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாள், 31-ஆம் தேதி பேய் வேடம் போடுகிற ஹாலோவீன் இரண்டையும் பார்த்துவிட்டு நவம்பர் முடிய இருக்கும். இரண்டு மாதம் காற்று, மழை, வெயில், உறைபனி எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதனால் இதில் அழகைவிடக் கட்டுதான் பெரிது. பூக்கட்டத் தெரிந்த கைக்குச் சுலபமாக வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே வாசல் கதவு பெரும்பாலும் 36 அங்குல அகலம், 80 அங்குல உயரம். அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 அங்குலத்தை வளையம் அடைத்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். அதற்காக 24 அங்குல வளையம் எடுக்கக் கூடாது. இலையும் கதிரும் சுற்றிலும் மும்மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். வெறும் வளையம் 18 அங்குலம் போதும்.

வளையத்துக்குத் திராட்சைக் கொடிதான் நல்லது. பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஐந்தாறு சுற்றுச் சுற்றி, மிச்ச நுனியை உள்ளும் புறமுமாக முறுக்கிச் செருகினால் கயிறே வேண்டாம். காட்டோரத்தில் கொடி வெட்டப் போகிறவர்கள் பாய்சன் ஐவி என்கிற நச்சுக்கொடியை அடையாளம் தெரிந்துகொண்டு போக வேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும், இந்தப் பருவத்தில் கண்ணைப் பறிக்கிற மாதிரி சிவக்கும். மரத்தில் ஏறிய தண்டில் மயிர் மயிராக வேர் படர்ந்திருக்கும். இலை கொட்டிய பிறகும் அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம்தான். அதே மாதிரி, ஆரஞ்சுப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற ஆசிய பிட்டர்ஸ்வீட் கொடியையும் வைக்கக் கூடாது. பறவை தின்று விதையைப் பரப்பினால் அது வளர்ந்து மரத்தையே நெரித்துவிடும்.

மேப்பிள் இலையை அப்படியே பறித்துக் கட்டினால் ஒரு வாரத்தில் சுருண்டு நொறுங்கும். கிளிசரினில் ஊறவைத்தால் தோல் மாதிரி வளைந்து கொடுக்கும். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர். அகலமான தட்டில் ஊற்றி, இலைகளை முழுக்க மூழ்கவைத்து, மேலே இன்னொரு தட்டைப் பாரமாக வைத்து, நான்கைந்து நாள் விட வேண்டும். இலைக்குள் இருக்கிற தண்ணீரின் இடத்தில் ஆவியாகாத கிளிசரின் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிறம் ஒரு சாயல் கறுக்கும், அதைத் தவிர்க்க முடியாது. கிளையோடு வேண்டுமானால், தண்டின் அடியை நசுக்கி இதே கரைசலில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தலாம். ஆனால் இலை முழுக்கப் பழுக்கும் முன்பே வெட்டியாக வேண்டும். பழுத்த இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு வளர்ந்து பாதையை அடைத்துவிடும். கரைசல் ஏறாது.

இனி கட்டு. கொஞ்சம் கோதுமைக் கதிர், இரண்டு மூன்று இலை, ஒரு காய்ந்த பூ என ஆறு அங்குல நீளத்தில் சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 22 கேஜ் என்கிற அளவுள்ள மெல்லிய கம்பியைத் துண்டு போடாமல், ஒரே நீளமாக வளையத்தோடு சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கொத்தை வைத்து மூன்று சுற்று, இழுத்து இறுக்கம். அடுத்த கொத்தின் தலை முந்தின கொத்தின் கட்டை மறைக்கிற மாதிரி விழ வேண்டும். சரத்தில் ஒரு பூ அடுத்ததின் காம்பை மறைப்பது போலவேதான், அம்மா. எல்லாக் கொத்தும் ஒரே திசை பார்க்க வேண்டும். முழு வளையத்தையும் மூடப் பன்னிரண்டு முதல் பதினைந்து கொத்து ஆகும். எனக்குப் பிடித்தது, இடது கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஐந்தாறு கொத்தால் மூடி, மற்ற இடத்தில் கொடியை வெறுமனே விடுவது. முழுக்க மூடினால் கொடியின் முறுக்கழகு தெரியாமல் போகிறது.

பலரும் பசையைச் சூட்டில் உருக்கி விடுகிற க்ளூ கன்னால் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பசை குளிரில் விறைத்துப் பிடியை விட்டுவிடும். கதவுக்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவு இருந்தால், நல்ல வெயிலில் நடுவிலே சூடு தேங்கி இளகியும் விழும். கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. பைன் காயைக்கூடக் கட்டிவிடலாம். கீழ் வரிசைச் செதில்களுக்கு இடையே கம்பியை ஒரு சுற்று நுழைத்து, இரு நுனியையும் முறுக்கி, அந்த வாலை வளையத்தில் கட்ட வேண்டும். கட்டும் முன் பைன் காயை ஓவன் அடுப்பில் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று சுட்டெடுத்தால் உள்ளே இருக்கிற பூச்சி சாகும், செதில் விரியும். ஒரு வேடிக்கை, மழை ஈரம் பட்டால் இந்தச் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்தால் மறுபடி விரியும். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுக் கட்ட வேண்டும்.

மாட்டுவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கதவின் தலையில் மாட்டுகிற தகட்டுக் கொக்கி தடிமனாக இருந்தால் கதவோரத்து இடுக்கை அடைக்கிற ரப்பர் பட்டை சரியாக அமராமல் குளிர்காற்று உள்ளே வரும். இரும்புக் கதவென்றால் காந்தக் கொக்கி நல்லது, ஃபைபர் கதவில் காந்தம் பிடிக்காது. ஒட்டுக் கொக்கியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்ட இடத்தில், பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கிற பகலில் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். வளையத்தின் நடு தரையிலிருந்து 58, 60 அங்குலத்தில் நிற்கட்டும். கீழ்ப்பக்கம் பின்னால் துணி ஒட்டினால் காற்றில் ஆடிக் கதவின் பெயின்ட்டைக் கீறாது. சிவப்புக் கதவில் சிவப்பு இலை காணாமல் போய்விடும். அங்கே கோதுமையும் வெளிர் மஞ்சளும்தான் எடுபடும்.

படியில் சாமந்தித் தொட்டி இரண்டு. மொட்டாக இருக்கும்போது வாங்கி, பூவில் படாமல் மண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டும். பக்கத்தில் பரங்கிக்காய் மூன்று, ஒன்றுக்கொன்று அளவில் சின்னதாக. காம்பைப் பிடித்துத் தூக்கினால் காம்பு கழன்று, அந்தக் காயத்திலிருந்தே அழுகும். அடியில் ஒரு பலகை இருந்தால் ஈரம் தேங்காது. முழுக்காய் குளிரில் மாதக்கணக்கில் நிற்கும், ஹாலோவீனுக்காக முகம் மாதிரி செதுக்கிய காய் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆனால் முழுக்காயும் ஒரு ராத்திரி நன்றாக உறைந்து மறுநாள் இளகினால் அவ்வளவுதான். வெளியே பளபளவென்று இருக்கும், விரலை வைத்தால் உள்ளே இறங்கும். கடும் உறைபனி வருகிறது என்று தெரிந்தால் ராத்திரிக்குக் கராஜுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும்.

நவம்பர் முடிந்ததும் கம்பியை வெட்டிக் கொத்துகளை எடுத்துவிட்டு, வெறும் கொடி வளையத்தைக் காயவைத்து அட்டைப் பெட்டியில் படுக்கப் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். டிசம்பரில் அதே வளையத்தில் பைன் கிளை ஏறும், அதைக் கட்டும் விதம் கொஞ்சம் வேறு. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மகள்