ஒல்லாந்து என்றால் எங்கள் பக்கம் விடுபட்டுப் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வரும் ஒல்லாந்துப் பயணத் தொடரை விடாமல் படிக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களையும் துலிப் வயல்களையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் இதுவரை சுற்றியது நெதர்லாந்தின் 12 மாகாணங்களில் இரண்டை மட்டும்: வட ஒல்லாந்து, தென் ஒல்லாந்து. 1840 வரை அவை ஒரே மாகாணமாக இருந்தன. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், வேலணைக்கு லைடன் என்று பெயர் வைத்தவர்களை ஒல்லாந்தர் என்றே சொல்லிப் பழகிய நமக்கு அந்தப் பெயர் வாயில் வருவது இயல்புதான். டெல்ஃப்டும் லைடனும் ஒல்லாந்து நகரங்களே. ஆனால் நான் 16 வருடங்களாக வாழும் ஊர் ஒல்லாந்தில் இல்லை.

நான் இருப்பது கிழக்கோரத்தில், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில். அக்தர்ஹூக் என்பார்கள், பின்பக்கத்து மூலை என்று பொருள். நீங்கள் போட்டிருந்த வரைபடத்தில் அந்தப் பெயரே இல்லை, ஏனென்றால் அது மாகாணம் இல்லை. கெல்டர்லாந்து மாகாணம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசியிருந்தீர்கள். அதற்குள் மூன்று வேறு நிலங்கள் இருக்கின்றன, ஐயா. வடமேற்கில் வேலுவ: பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக் குவித்த மணல்மேடு, காடு, புதர்வெளி. தெற்கே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் பேத்துவ: ஆற்றுக் களிமண், ஆப்பிள், பேரிக்காய், செர்ரித் தோட்டங்கள். 1995இல் ஆறுகள் பெருகியபோது பேத்துவவிலும் சுற்றியுள்ள ஆற்றுப் பகுதிகளிலும் இருந்து சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். மணல்மேட்டுக்காரருக்கு அந்தப் பயம் கிடையாது.

அப்புறம் எங்கள் அக்தர்ஹூக். சின்னச் சின்ன வயல்கள், நடுவே வேலிமரங்களும் தோப்புகளும். பேச்சு கீழ்ச் சாக்சன் வகை, எல்லைக்கு அப்பால் வட ஜெர்மனியிலும் பேசுவது. பக்கத்து வீட்டாரை 'நோபர்' என்பார்கள், அது வெறும் சொல் இல்லை. என் அம்மா இங்கே இறந்தபோது வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னவரும், வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றியவரும் அடுத்த வீட்டு விவசாயிதான். நான் நன்றி சொல்லப் போனேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. நோபர் என்றால் அதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றார். வடக்கே துவென்ட என்ற பகுதியிலும் இதே வழக்கம் உண்டு. துவென்ட இருப்பதோ வேறு மாகாணத்தில்!

இந்தப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் எதுவும் கிடையாது. எல்லையும் பல இடங்களில் பேச்சளவில்தான். தென்மேற்கே லீமர்ஸ் பகுதி அக்தர்ஹூக்கில் சேருமா என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்தாரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். மேற்கு ஃபிரீஸ்லாந்தின் எல்லையோ கண்ணுக்கு முன்னால் நிற்கிறது: 126 கிலோமீற்றர் நீள வட்ட அணை, 13ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தது. பெயரைப் பார்த்து அது ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அது வட ஒல்லாந்துக்குள் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அதன் வழியாகத்தான் ஹோர்ன் நகரத்துக்குப் போயிருக்கிறார், பெயரைச் சொல்லாமலே கடந்துவிட்டார். எனக்கு மனம் வருந்தியது அங்கேதான்.

தொடர் இன்னும் முடியவில்லை என்று போட்டிருந்தீர்கள். சரி, அடுத்த பகுதிகளில் ஊர்களோடு அந்தப் பகுதியின் பெயரையும், அங்குள்ளவர்கள் சொல்கிறபடியே, எழுதச் சொல்லுங்கள். வரைபடத்திலும் அவற்றைக் குறியுங்கள். கட்டுரையாளர் ஏப்ரலில் மறுபடி வருவதாக இருந்தால் பேத்துவவில் பூக்காலம். அங்கிருந்து ரயிலில் எங்கள் ஊருக்கு வரலாம். நானே நிலையத்துக்கு வந்து கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வின்டர்ஸ்வைக், அக்தர்ஹூக், நெதர்லாந்து