அறுவடைக் காலத்தில் வேகத்தைக் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை தொடங்கினால் எங்கள் டெல்டா கிராமச் சாலைகளில் பாதி, நெல் காயும் களமாகிவிடுகிறது. வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைக்கிறார்கள். நெல்லை அள்ளிய பிறகும் சில கற்கள் அங்கேயே கிடக்கின்றன. போன தை மாதம் இருட்டில் அப்படி ஒரு கல்லில் என் தம்பியின் பைக் ஏறியது. தோள்பட்டை எலும்பு முறிந்து, 2 மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

விவசாயிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குகிறார்கள். களம் இல்லாதவர் எங்கேதான் காயவைப்பார்?

ஆனால் வண்டி ஓட்டுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறோம். கல்லைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம். 40இல் போனால் அது 11 மீட்டர்தான். வளைவுக்கு அப்பால் நெல் கிடக்கலாம், மாடு படுத்திருக்கலாம், வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை இருக்கலாம்.

தை, மாசி இரண்டு மாதமாவது இந்தச் சாலைகளில் 40க்கு மேல் போகக்கூடாது என்று பலகை வைக்க வேண்டும். நெல்லை அள்ளுபவர்கள் கல்லையும் அன்றே அப்புறப்படுத்த வேண்டும். அப்புறம், ஊருக்கு ஒரு சிமென்ட் களம். அதை ஊராட்சிகள் இந்த ஆண்டே கட்டித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர் மாவட்டம்