வசந்திக்கு, அப்பாவின் டிவி விஷயமாக

கும்பகோணம்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். ஊர்க்கதையெல்லாம் அப்புறம். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே பாய்வாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அப்பாவின் டிவி போய்விட்டதை உன் தம்பி சொல்லியிருப்பான். நீ ஆஃபரில் 55 இன்ச் ஆர்டர் போடப் போகிறாய் என்று அவன்தான் எனக்கும் சொன்னான். போடாதேடி. இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது பொறு. புடவைக் கடையில் முதல் புடவைக்கே பில் போடச் சொல்கிறவள் நீ, உன் அவசரம் எனக்குத் தெரியாதா!

நேற்று வீட்டுக்குப் போனேன். திரைக்குப் பின்னால் எரிகிற பேக்லைட் விளக்கு போயிருக்கிறது, படம் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது. அப்பா அதை அணைக்கக்கூட இல்லை. கறுத்துக் கிடந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். "வீட்டுல ஒரு பேச்சுக்குரல் இருக்கட்டும்மா" என்றார். அம்மா போனதிலிருந்து காலை ஆறு மணி முதல் அந்த வீட்டில் பேசுவது அது ஒன்றுதான், வசந்தி. எனக்கு என்னமோ செய்தது.

55 ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அவர் பார்ப்பது அரசு கேபிள், அதிலும் பெரும்பாலும் எஸ்.டி., அதாவது துல்லியம் குறைந்த பழைய தரச் சேனல்கள். எஸ்.டி. படத்தில் குறுக்கே ஓடுகிற கோடுகள் மொத்தமே 576தான். துல்லியம் கூடின 4கே திரையிலோ 2,160. மீதியை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாகப் பெரிதாக முகங்களெல்லாம் மாவு பூசினதுபோல் ஆகிவிடும். கூடத்தில் அவர் நாற்காலிக்கும் சுவருக்கும் எட்டடிகூடத் தேறாது. 43 தாராளம். பழைய 32-ஐ விடப் பரப்பில் 1.8 மடங்கு வருகிறது, செய்தியில் கீழே ஓடுகிற எழுத்தை அவர் எழுந்து போய்ப் படிக்க வேண்டியிருக்காது. முன்பு 32-க்கு மேலே போனால் ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து அதுவும் 18 ஆகிவிட்டது, அதனால் 43 வாங்குவது இப்போது அவ்வளவு செலவாகத் தெரியவில்லை.

அவர் நாற்காலி எங்கே கிடக்கும் என்று உனக்கே தெரியும். முற்றத்தை ஒட்டின தூணோரம், டிவிக்குப் பக்கவாட்டில். காற்று அங்கேதான் வருகிறதாம், நகர்த்த விட மாட்டார். பேனல் என்கிற டிவித் திரை பெரும்பாலும் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகையில் வருகிறது. விஏ பேனலைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் அவ்வளவு வெளுக்காது. விளக்கை அணைத்துவிட்டு ராத்திரியில் சினிமா பார்ப்பவர்களுக்கு விஏதான் நல்லது, கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். அப்பா பட்டப்பகலில், முற்றத்து வெளிச்சத்தில் பார்க்கிற மனிதர். பெட்டிமேல் பேனல் வகையைப் பெரும்பாலும் போடுவதில்லை, கடைக்காரருக்கும் தெரிவதில்லை. அதனால் நான் கடையில் தூணோரத்துக் கோணத்தில் போய் நின்று பார்க்கப் போகிறேன். கடையில் ஓட்டுகிற கிளி, அருவி வீடியோவையெல்லாம் நிறுத்தச் சொல்லி, சாதாரண செட்டாப் பாக்ஸை மாட்டச் சொல்லி, பளீரென்று வைத்திருக்கும் விவிட் மோடையும் மாற்றச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எச்டிஆர், எச்டிஆர் என்று நீ தம்பியிடம் சொன்னாயாமே. வெளிச்சத்தையும் நிழலையும் இன்னும் எடுப்பாகக் காட்டுகிற வசதி அது. இந்த விலையில் அதற்கு வேண்டிய வெளிச்சம் திரைக்குக் கிடையாது. அதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதே.

சத்தம்தான் பெரிய கவலை. பழைய பெட்டிகளில் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே இருந்தது. இப்போது திரை மெலிந்துபோய் ஸ்பீக்கர் அடியில் தரையைப் பார்த்து இருக்கிறது. இசை கேட்கும், பேச்சு தெளியாது. மிச்சமாகிற பணத்தில் சவுண்ட்பார் என்கிற சின்ன நீள ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்புகிற ஏஆர்சி போர்ட்டில் மாட்டிவிடலாம், டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம், குறைக்கலாம். ரிமோட் என்றதும் இன்னொன்று. ஸ்மார்ட் டிவியைப் போட்டால் முதலில் விளம்பரமும் படங்களுமாக ஒரு பக்கம் வந்து நிற்கும். அவர் அங்கேயே தொலைந்துபோவார். போட்டதும் நேரே கேபிளுக்குப் போகிற மாதிரி செட்டிங் இருக்கிற மாடலாகப் பார்க்கிறேன். கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறார். 100 வாட் டிவி தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்தான், 100 யூனிட் இலவசம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்போதுதான் முகம் தெளிந்தது.

சர்வீஸ் ஆள் இந்த ஊரிலேயே இருக்கிற கம்பெனியாகத்தான் வாங்க வேண்டும். திருச்சியிலிருந்து வருவான் என்றால் அவன் வருகிற வரை அப்பா இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேனல் போனால் புது டிவி விலைக்குப் பக்கத்தில் கேட்பார்கள், அதனால் பேனல் வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று பில்லில் எழுதி வாங்குவேன். "2028 மகாமகத்தை இதுலதாம்மா பாக்கணும்" என்றார் அப்பா. மகாமகக் குளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2016-இல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் போய் வந்தவர்.

வசந்தி, அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே போகிறது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி இப்போது எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கிறது. நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டும் திரும்பவில்லை. எந்த டிவியும் இதைச் சரிசெய்யாது. காது டாக்டரிடம் நான் கூப்பிட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லேம்மா" என்று முடித்துவிடுகிறார். நீ கூப்பிட்டால் வருவார். பொங்கல் வரைக்கும் தள்ளாதே, ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா.

சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். 30,000-க்குள் முடித்துவிடலாம், சவுண்ட்பார் தனி. வெள்ளிக்கிழமைக்குள் பணத்தைப் போட்டுவிடு. டிவியை ஏற்றிவர லாரி மாமா வண்டி தருகிறேன் என்றிருக்கிறார். ஆமாம், அதே லாரி மாமாதான். சிரிக்காதே, நேரில் வரும்போது சொல்கிறேன்.

உன்
மல்லிகா