350 ரூபாய் சந்தேகத்துக்கு மொத்தக் கணக்கையும் பூட்டாதீர்கள்

கடலூர் மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், முன்னோடி வங்கி மேலாளர் ஆகியோருக்கு,

வணக்கம்.

கடலூர் முதுநகரில் கூடை மீன் விற்கும் பெண்கள் கையிலும் இன்று கியூஆர் அட்டை இருக்கிறது. பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கும் பலாப்பழ மண்டிக்கும் வெளிமாநிலப் பணம் ஜிபேயிலும் போன்பேயிலும்தான் வந்து சேர்கிறது. இவர்களில் யாருடைய வங்கிக் கணக்கும் எந்த நாளிலும் முடங்கிப்போகலாம். அதற்கு அவர்கள் குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. மீன் வாங்கியவர் அனுப்பிய 350 ரூபாய் மோசடிப் பணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் போதும்.

மோசடியில் பணத்தை இழந்தவர் 1930 எண்ணை அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் செய்கிறார். பரிவர்த்தனை எண் உடனே வங்கிகளுக்குப் போகிறது. பணம் முதலில் ஏறிய கணக்கு முதல் அடுக்கு. அங்கிருந்து பிரிந்து போன கணக்குகள் இரண்டாம் அடுக்கு. அப்படியே மூன்று, நான்கு என்று இறங்கிக்கொண்டே போகும். முதல் அடுக்கில் இருப்பவர் பெரும்பாலும் கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டவர். கீழே போகப் போக மளிகைக்கடை, பெட்ரோல் பங்க், மீன்காரம்மா என்று பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கியவர்கள் வருகிறார்கள். கணினிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான், இரண்டு பேர் கணக்கும் முடங்கும்.

ஒருவர் கணக்கில் சொந்தப் பணம் மூன்று லட்சம் இருக்கிறது, மோசடிப் பணம் நாற்பதாயிரமும் வந்து கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் 350 ரூபாய்க்கு மீன் வாங்கினால், அந்த 350 எந்தப் பணத்திலிருந்து போனது? யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரரால் அதை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. ஸ்கேன் செய்து அனுப்பும் பணத்தை வேண்டாம் என்று மறுக்கும் பொத்தான் அவர் கைப்பேசியில் இல்லை. சவுண்ட் பாக்ஸ் சத்தம் போடும்போது பணம் ஏறிமுடிந்திருக்கும்.

வேகமாக நிறுத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. போலி போலீஸ்காரர்களால் போனிலேயே 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டப்பட்டு ஓய்வூதியப் பணம் முழுவதையும் இழந்தவருக்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிர்நாடி. எங்கள் கேள்வி அளவைப் பற்றியது. 350 ரூபாய் சந்தேகத்துக்கு 350 ரூபாயை மட்டும் 'லீன்' போட்டு, அதாவது அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி, நிறுத்தலாம். பல வங்கிகள் அதைச் செய்யாமல் 'டெபிட் ஃப்ரீஸ்' போட்டு மொத்தக் கணக்கையும் பூட்டிவிடுகின்றன. உள்ளே வரும் பணம் வந்துகொண்டே இருக்கும், ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்க முடியாது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் நூறு நாள் வேலைக் கூலியும் அதில்தான் விழுந்து மாட்டிக்கொள்ளும். சுயஉதவிக் குழுக் கடன் தவணை திரும்பிப்போகும், அதற்கு அபராதமும் ஏறும்.

சட்டம் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு சந்தேகச் சொத்தைக் கைப்பற்ற அனுமதிக்கிறது, ஆனால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். குற்றத்தால் கிடைத்த சொத்து என்று முடக்க வேண்டுமானால் 107 இருக்கிறது. அதற்குக் காவல் கண்காணிப்பாளர் அல்லது ஆணையரின் ஒப்புதல் வேண்டும், நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், விளக்கம் கேட்டு 14 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். அவசரம் என்றால் இடைக்கால உத்தரவு போடுவதும் நீதிமன்றம்தான். வங்கிக்கு வரும் கடிதங்கள் சிலவற்றில் 94ஆம் பிரிவு மட்டும் இருக்கும். அது ஆவணம், பொருள் ஆகியவற்றைத் தரச் சொல்லும் பிரிவு. கணக்கைப் பூட்டச் சொல்லும் வார்த்தை அதில் எங்கும் கிடையாது. அதை வைத்துப் பூட்டும் வங்கி அதிகாரி தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் சொல்வோம்.

தொகையும் காலமும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தைப் பறிப்பது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவித்தது. கடலூரும் புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. அதே 2024இல் உச்ச நீதிமன்றம், மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமாகத் தெரிவித்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் முடக்கம் செல்லாததாகிவிடாது என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே 'தாமதம் ஆச்சு, திறந்துவிடுங்கள்' என்று கேட்டுப் பயனில்லை. அளவைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

கிளையில் நடப்பது வேறு. 'சைபர் கிரைம் ஹோல்ட் சார், நாங்க ஒன்னும் பண்ண முடியாது' என்று வாய்மொழியாகச் சொல்லி, ஒரு வெளிமாநிலத் தொலைபேசி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார்கள். அந்தப் பக்கம் இந்தியோ குஜராத்தியோ பேசுவார்கள். 'புகார்தாரருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) வாங்கு' என்பார்கள். மீனைக் கொடுத்தவர் மீனுக்கு வாங்கிய காசையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இந்த இடுக்கில்தான் 'பத்து சதவீதம் கொடுங்க, திறந்து தர்றோம்' என்னும் தரகர்கள் நுழைகிறார்கள். யாரும் அவர்களுக்கு ஒரு காசும் தர வேண்டாம்.

கணக்கு முடங்கியவர் முதலில் கிளையில் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். புகாரின் ஒப்புகை எண், சந்தேகத் தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண், எந்த மாநிலத்து எந்தக் காவல் நிலையம், எந்தச் சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரியின் அரசு மின்னஞ்சல் ஆகியவற்றை அதில் கேட்க வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வரக்கூடாது, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தத் தொகை வந்த நாளின் பில் அல்லது ஏலச் சீட்டு, கணக்கு ஸ்டேட்மென்ட், அடையாளச் சான்று ஆகியவற்றோடு அந்த அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் அனுப்ப வேண்டும். தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவியுங்கள் என்று கேட்டால் போதும். வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் முடக்கத்தையே எதிர்த்துப் போனால் தள்ளுபடியாகும், ஏனென்றால் காவல்துறை உத்தரவுப்படி வங்கி செய்தவை அவர் வரம்புக்கு வெளியே. வங்கி 30 நாளாகியும் விவரம் தரவில்லை என்ற புகாரை அவரிடம் வைத்துப் பார்க்கலாம். நீதிமன்றம் போக வசதியில்லாதவர் 15100 எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.

இவ்வளவையும் ஒரு மீன்காரம்மா தனியாகச் செய்ய முடியுமா? முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

காவல் கண்காணிப்பாளர் அவர்களே, மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் ஒருவரை இதற்கென்று உட்காரவையுங்கள். வெளிமாநில அதிகாரிக்குக் கணக்கு முடங்கியவருக்காக ஆங்கிலத்திலோ இந்தியிலோ கடிதம் எழுத அவரால் முடியும். பல ஆண்டுகளாகத் தினமும் நூறும் இருநூறுமாக வரவு வைக்கும் கணக்கு எது, திறந்து ஒரு மாதத்துக்குள் லட்சங்கள் வந்து சில நிமிடங்களில் வெளியேறிய கணக்கு எது என்று ஸ்டேட்மென்டைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு காவல் அதிகாரி இன்னொரு காவல் அதிகாரிக்கு எழுதினால் பதில் வரும். புதுச்சேரி கிளைகளில் கணக்கு வைத்திருக்கும் எல்லையோரத்து வியாபாரிகளுக்காக அந்த ஊர் சைபர் பிரிவோடும் பேசிவையுங்கள்.

மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அவர்களே, முடக்கிய அன்றே கணக்குதாரருக்குத் தமிழில் ஒரு தாள் தர எல்லாக் கிளைகளுக்கும் எழுதுங்கள். மேலே சொன்ன விவரங்கள் அதில் இருந்தால் போதும்.

ஆட்சியர் அவர்களே, காலாண்டு வங்கியாளர் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைமை. மாவட்டத்தில் எத்தனை கணக்குகள் முடங்கியிருக்கின்றன, அவற்றில் எத்தனையில் சந்தேகத் தொகை 5,000 ரூபாய்க்குக் குறைவு என்ற கணக்கை ஒவ்வொரு வங்கியிடமும் கேளுங்கள். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் வங்கிக் கணக்கில்தான் வரும். முடங்கிய கணக்குள்ள மீனவக் குடும்பங்களின் பட்டியலை மீன்வளத்துறையோடு சேர்ந்து மார்ச் மாதத்துக்குள் எடுத்து, அந்தப் பணம் அவர்கள் கையில் சேர வழிசெய்யுங்கள்.