மகாராசனுக்கு, நாலு டயர் விஷயமாக

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகாராசா,

ஆச்சி காரியத்துக்கு நீ வந்து போனபிறகு ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். பிச்சையா சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன்னை விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை நாகர்கோவிலில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நானும் செல்வியும் என் ஆடி டிடி (Audi TT) காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வள்ளியூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நாங்குநேரி கழிந்து ஒரு லாரியை முந்தப் போனேன், வேகம் 90. நடுத்திட்டு ஓரமாகத் தண்ணீர் கட்டி நின்றதை ஏறினபிறகுதான் பார்த்தேன். ஸ்டியரிங்கில் இருந்த கனம் சட்டென்று போய்விட்டது. கையில் வெறும் தட்டைப் பிடித்திருக்கிற மாதிரி. டயர் இரைச்சலும் நின்றுபோய், வண்டி தன்பாட்டுக்குத் திட்டைப் பார்த்து நகர்ந்தது. செல்வி பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

செட்டிப்பாளையம் கார் பந்தய டிராக்கில் என்னை உட்காரவைத்து நீ சொன்னாயே, "மிதந்தா பிரேக்கைத் தொடாதே, ஆக்சிலேட்டரை விடு, ஸ்டியரிங்கை நேரா வச்சுக்கோ." அதைத்தான் செய்தேன். ரெண்டு மூச்சு நேரத்தில் டயர் ரோட்டைப் பிடித்தது. மகாராசா, அதற்காக உனக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டயர் பட்டன்களுக்கு நடுவே பள்ளம் 4 மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது. 1.6 வரை ஓட்டலாம் என்பது சட்டம், அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். புது டயரில் 8 வாக்கில் இருக்கும், அதில் பாதி போய்விட்டது என்று நினைக்கவே இல்லை. பக்கச் சுவரில் தேதி 3417. 2017-ஆம் வருசம் 34-ஆவது வாரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை. பட்டன்களுக்கு நடுவே கோடையில் குளத்து வண்டல் வெடித்துக் கிடக்குமே, அப்படி மெல்லிய வெடிப்பு. மிதந்ததற்கு வேகமும் பள்ளம் குறைந்ததும் காரணம். ரப்பர் இறுகியதன் கேடு வேறே, அது ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது தெரியும்.

போனில் செல்வியின் அம்மாவிடம் நீ சொன்னாயாம், "255 போடு, செமி ஸ்லிக்காப் போடு, ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்று. 255 மில்லிமீட்டர் அகலம், பள்ளம் குறைந்த பந்தய டயர்; டிராக்குக்கு நீ சொல்வது சரி. நான் ஓட்டுவது தென்காசி ரோட்டிலும் நாலுவழிச் சாலையிலும், அதுவும் ஐப்பசி கார்த்திகையில். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 245 மில்லிமீட்டர் அகலம், ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், 90 வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஒரு டயர் நொடிக்கு 18 லிட்டர் தண்ணீரை ஒதுக்கவேண்டும், ஒரு குடத்துக்கு மேலே! பள்ளம் குறைவான செமி ஸ்லிக் அதை எங்கே கொண்டுபோய் ஊற்றும்? அகலத்தைக் கூட்டினால் ஒதுக்கவேண்டிய தண்ணீரும் கூடும். தவிர, அந்த ரப்பர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். மார்க்கெட்டுக்குப் போய்வரும் வண்டியில் அது எப்போது சூடேற?

ஆகவே கம்பெனி அளவு 245/40 ஆர்18-ஐ மாற்றப்போவதில்லை. 93 ஒய்-க்குக் குறையக் கூடாது. 93 என்றால் டயருக்கு 650 கிலோ, ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வேகம். என் மனசு மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 பக்கம் சாய்கிறது. நீளவாக்கில் அகலமான பள்ளங்கள், ஈரத்தில் பிடிப்பு, வெயிலிலும் குறை சொல்லமுடியாத டயர்.

இங்கே ஒரு கடையில் "ரெண்டு போட்டாப் போதும் சார்" என்றார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு அது ஆகாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் ரெண்டையும் இணைக்கிற கிளட்சுக்கு ஓய்வே கிடையாது. நாலுக்கும் சேர்த்து லட்சத்தைத் தொடும், தெரியும். செல்வி உட்காருகிற வண்டி.

கங்கைகொண்டானில் டயர் ஆலை இருக்கிறது, அங்கே செய்வது டிராக்டர் மாதிரி வண்டிகளுக்கு. நமக்கு வேண்டியது இங்கே கடைகளில் இல்லை. 2020 ஜூனில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு இந்த அளவெல்லாம் சொன்னவுடன் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கடையில் ரெண்டு வருசம் தூங்கினதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். கோயம்புத்தூரில் உனக்குத் தெரிந்த கடையில் நாலு டயரையும் நேரில் பார். பணம் கொடுக்கும் முன்னே ஒவ்வொன்றின் பக்கச் சுவரையும் போட்டோ எடுத்து அனுப்பு. தேதி நாலு இலக்கமும் தெரியவேண்டும். நாலும் ஒரே வருசமாக இருக்கட்டும், ஆறு மாசத்துக்குள் வந்ததாக இருந்தால் ரொம்ப நல்லது. அலைன்மெண்ட்டையும் பேலன்சிங்கையும் நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

அதுவரை வண்டி ஷெட்டில்தான். செல்வியைப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். ஏன் என்று கேட்டாள், டயர் மாற்றவேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பதில் போடு. முடிந்தால் டயரோடு நீயும் வா.

உன்
இசக்கி