தண்ணிக்கு மூணு டாலர்

மாப்ள,

நாலு மாசமா ஒரு வரி எழுதல, கோவமாத்தான் இருப்ப. சோடாபுட்டி போன் பண்ணி நீ திட்டினத அப்படியே ஒப்பிச்சிட்டான். தங்கச்சி, பிள்ளைங்க சுகம்தானே, இங்க நாங்க சுகம். இப்ப எழுதறது அப்பா விஷயமா. போன வாரம்தான் ஊருக்குத் திரும்புனாரு, நீ ஒரு எட்டு போய்ப் பாக்கணும்.

10 நாள் சிங்கப்பூர்ல எங்ககூட இருந்தாருல்ல, ஒரு வேளையாவது நல்ல இடத்துல உக்கார வச்சு சாப்பாடு வாங்கிக் குடுக்கணும்னு எனக்கு எத்தனை வருஷ ஆசை. ஆத்தோரமா ஒரு நண்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். உக்காந்த உடனே வறுத்த கடலை ஒரு தட்டு, ஈர டிஷ்யூ மூணு, ஐஸ் தண்ணி மூணு கிளாஸ், எதுவும் நாங்க கேக்கல, தானா வந்துச்சு. அப்புறம் ஒரு பையன் உயிர் நண்டு ஒண்ண ட்ரேல வச்சு எடுத்துட்டு வந்து காட்டுறான், கொடுக்கு ரெண்டையும் கயித்தால இறுக்கிக் கட்டியிருக்கு, பின்னங்கால் மட்டும் மெல்ல அசையுது. ஸ்ரீலங்கா நண்டாம். அப்பா கண்ணாடிய ஏத்திவிட்டுக் குனிஞ்சு பாத்துட்டு "நம்ம எதுத்த கரை நண்டுலா"ன்னாரு, அவ்ளோ சந்தோஷம்.

பில் வந்துச்சு. நண்டு ஒரு கிலோ 108 டாலர், ஃப்ரைட் ரைஸ் 22, கங்குங் கீரை 14, கடலையும் டிஷ்யூவும் 3, தண்ணி 3, மொத்தம் 150. இங்க மெனுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருப்பான், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதையும் சேத்த தொகைக்கு மேல ஜிஎஸ்டி 9 சதவீதம், ஆக 179 டாலர் 85 சென்ட். நம்ம காசுக்கு 11 ஆயிரத்துக்கும் மேல.

அப்பா பில்ல கைல வாங்கி ஒவ்வொரு வரியா விரல வச்சுப் படிச்சாரு, கடைல பால் நோட்டு பாப்பாரே அதே மாதிரி. நண்டு விலையப் பாத்து அவரு ஒண்ணுமே சொல்லல மாப்ள. பிளேன்ல வரணும், உசுரோட வரணும், வழில செத்தா நட்டம், இந்த எடத்துக்கு வாடகை என்னாகும், ஆள் கூலி என்னாகும்னு அவரே கணக்குச் சொல்லி சரிதான்னுட்டாரு. 32 வருஷம் டீக்கடை நடத்துன மனுஷன், அவருக்கா தெரியாது. தண்ணி வரிக்கு வந்ததும் விரல் நின்னுடுச்சு. "தண்ணிக்குமாய்யா?" அவ்ளோதான் கேட்டாரு. ரயில்ல வீடு வர்ற வரைக்கும் பேசல.

கடை வாசல்ல அந்தப் பானை ஞாபகம் இருக்கா? டீ குடிக்காதவனுக்கும் தண்ணி உண்டு, கண்டக்டர், கூடைக்காரம்மா, ஸ்கூல் விட்டு வர்ற நாம. நீ டம்ளர்ல வாய் வச்சு உறிஞ்சி முதுகுல வாங்குனியே. இத்தனைக்கும் இங்க குழாத் தண்ணிய அப்படியே பிடிச்சுக் குடிக்கலாம், அவ்ளோ சுத்தம், அதுக்குத்தான் தலைக்கு ஒரு டாலர்.

நீ கேட்ட விஷயத்தையும் சொல்லிடறேன், இங்க சரக்கு வாங்கி வைக்கச் சொல்லாத, வர்றப்ப ஏர்போர்ட்லயே வாங்கிட்டு வா. சுத்த ஆல்கஹால் கணக்குக்கு லிட்டருக்கு 88 டாலர் வரி, 40 சதவீத விஸ்கி 750 மில்லி பாட்டில்னா வரி மட்டும் 26 டாலர் 40 சென்ட். ராத்திரி 10.30க்கு மேல கடைல விக்கவும் மாட்டான்.

அந்த நண்டுக் கடைக்கு அப்புறம் அப்பா வெளிய எதையும் வாயில வைக்கல. மால்ல ஒரு காபி 7 டாலர்னு போர்டுல பாத்துட்டாரு, வயிறு நிறைஞ்சிருக்குன்னுட்டாரு. கடைசில தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பதான் மனுஷனுக்கு உசுரு வந்துச்சு. ரோட்டுல வித்தவங்களுக்கு அரசாங்கமே கட்டிக் குடுத்த மாதிரி இடம், சர்வீஸ் சார்ஜ் கிடையாது, போர்டுல என்ன விலையோ அதான். டிஷ்யூ பாக்கெட்ட மேசைல வச்சா அந்த சீட் நம்மளது. சர்க்கரை ஆளாச்சே, 'தே சி கொசோங்'னு சொல்லுங்க, சீனி இல்லாம பால் டீ வரும்னு சொல்லிக் குடுத்தேன், மறுநாள் அவரே போய்க் கேட்டு வாங்கிட்டாரு. ஸ்டால்காரர் டீ ஆத்துறத நின்னு பாத்துட்டு "கை நல்லா நிதானம்"னாரு. குடிச்ச கிளாஸ அவரே ட்ரேல வச்சுக் கொண்டுபோய்க் குடுத்தாரு, நான் வாங்கப் போனதுக்கு விடல.

இதோட முடிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன். நான் தினமும் டப்பால சோறும் பாட்டில்ல தண்ணியும் எடுத்துட்டு வேலைக்குப் போவேன், இங்க எல்லாரும் பண்றதுதான். அத அவரு பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்து டீ போடலாம்னு சீனி டப்பாவத் திறந்தா உள்ள ஒரு கவர்ல எட்டு ஐநூறு ரூபா நோட்டு, கூட ஒரு காலண்டர் தாள், பின்பக்கம் பென்சில்ல "யோசிக்காம தண்ணி வாங்கிக் குடி"ன்னு எழுதியிருக்கு. அன்னைக்கு டீ போடல. என் வீட்டுக்காரியும் ஒண்ணும் பேசல, கவர எடுத்து சாமி படத்துக்கிட்ட வச்சுட்டா.

மாப்ள, நான் இங்க கஷ்டப்படல, நல்லா சாப்பிடுறேன், மாசம் பிறந்தா மிச்சமும் பிடிக்கிறேன். போன்ல நான் எவ்ளோ சொன்னாலும் "சரிய்யா, சரிய்யா"ங்கிறாரு, நம்பல. நீ சொன்னாதான் கேப்பாரு, சின்னதுல இருந்தே அப்படித்தான். சாயங்காலமா போ, காலைல மார்க்கெட்டுக்குப் போயிடுவாரு. பானைல இருந்து ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு பேச்ச ஆரம்பி, வாய் வைக்காம அண்ணாந்து குடி.

உன் பதில் வர்ற வரைக்கும் அந்தக் காசத் தொட மாட்டேன்.

உன்
மாப்ள